மாமி மகனைக் கட்டியவள் சொல்வது

1

ஊரில் என்னைப் பற்றிக் கதை நடக்கிறதாம். பெருநாளுக்குக் கல்முனைக்குப் போய் வந்த ஒரு பெண், இங்கே பர்மிங்ஹாம் பள்ளிவாசலில் செருப்புக் கழற்றும் இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"சபியா ராத்தா, கோவிக்காதீங்க. அங்க என்ன கதைக்கிறாங்க தெரியுமா? நீங்க வெள்ளைக்கார டாக்டரிட்டப் போய்க் குடும்பத்து விசயமெல்லாம் கொட்டிட்டீங்களாம். கூடப் பொறந்த காக்காட மகனுக்குப் பொண்ணு இல்ல எண்டு சொல்லிட்டீங்களாம். சீமைக்குப் போனதும் சபியாக்கு நாக்கு நீண்டிட்டாம்."

சொல்லிவிட்டு, நான் அழப்போகிறேன் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் செருப்பை ஓரமாக வைத்துவிட்டு, "ஓம் புள்ள, ரெண்டும் உண்மை" என்றேன். 

என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும், நான் நாலு பேர் முன்னால் கதைக்கத் தெரியாதவள். வீட்டுக்கு அந்நிய ஆண் வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று பதில் சொல்லிப் பழகியவள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. இந்த நாட்டுக்கு வந்தும், இறங்கும்போது பஸ் சாரதிக்கு நன்றி சொல்லவே நெடுநாள் கூச்சப்பட்டேன். ஆனாலும் என் கதையைப் பிறர் வாயால் கோணலாகக் கேட்பதைவிட நானே எழுதிவிடுவது நல்லது. வெட்கப்பட வேண்டியது இதில் ஒன்றும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

2

றஹீமா என் கடைசிப் பிள்ளை. மூத்தவன் நசீருக்கும் அவளுக்கும் இடையில் நல்ல வயது வித்தியாசம். பிறந்தபோதே அவளுடைய தோல் பட்டுப்போல இருந்தது. பிடித்தால் வழுக்கிவிடும் போலப் பயமாக இருக்கும். கைவிரல்களைப் பின்னால் வளைத்தால் மணிக்கட்டைத் தொடும். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அது ஒரு அதிசயம். சின்ன அளவுக் கண்ணாடி வளையல் அந்தக் கையில் எண்ணெய் போடாமலே ஏறும். "சபியாட மகளுக்குப் பூக்கை. மாப்பிள்ளை வீட்டார் வந்து கையைப் பிடிச்சுப் பார்த்தா விடமாட்டாங்க" என்பார்கள். நானும் பெருமைப்பட்டேன். உள்ளங்கையில் மட்டும், அந்தச் சின்ன வயதிலேயே, நிறைய நாள் தண்ணீரில் ஊறிய கை போல அத்தனை சுருக்கம். அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

பிறகு அவள் வளரவில்லை. கூடப் படித்த பிள்ளைகள் தோளுக்கு மேலே போனார்கள். ஒருநாள் கிணற்றடியில் வாளியைத் தூக்கும்போது மணிக்கட்டு முறிந்தது. விழவில்லை, மோதவில்லை. அவளுடைய வாப்பா அவளைச் சைக்கிளில் முன்னால் வைத்துப் பாண்டிருப்பில் முறிவு பார்க்கும் பரியாரியாரிடம் கொண்டுபோனார். அவர் எண்ணெய் பூசி மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டு, "தம்பி, கட்டுறது என்ட வேலை, கட்டிட்டன். ஏன் முறிஞ்ச எண்டு எனக்கு விளங்கல்ல. பெரிய டாக்டர்மாரிட்டக் காட்டுங்க" என்றார். மட்டக்களப்பு வரை போய்க் காட்டினோம். சத்துக் குறைவு என்றார்கள். நண்டு, மீன், முட்டை, பால் என்று ஊட்டினேன். அவள் நன்றாகச் சாப்பிட்டாள். அடுத்த வருடம் கால் எலும்பு முறிந்தது.

கலவரத்தில் எங்கள் கடை எரிந்தது. அதன் பின் அவளுடைய வாப்பா படுத்தவர் எழும்பவே இல்லை, மவுத்தாகிவிட்டார். இங்கே ஏற்கனவே குடியேறியிருந்த நசீர், எங்கள் இருவரையும் கூப்பிட்டுக்கொண்டான். எங்கள் ஊர் வழக்கப்படி தாய் மகளோடு இருப்பாள், மகனின் வீட்டுக்குப் போவது விருந்துக்குத்தான். அதனால் நானும் றஹீமாவும் மாநகரசபை தந்த இரண்டு அறை வீட்டில் இருக்கிறோம். அவள் திரைச்சீலை தைக்கும் ஒரு கடையில் வேலை செய்கிறாள். சனிக்கிழமைகளில் நசீர் தன் பிள்ளைகளோடு வருவான். பிள்ளைகள் என்னிடம் சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் அவனிடம் சொல்ல, அவன் எனக்குத் தமிழில் சொல்வான். இடையில் அவன் எழுந்து தொலைபேசி எடுக்கப் போனால் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு இருப்போம்.

3

இங்குள்ள ஆஸ்பத்திரியில் றஹீமாவை ஓரிடத்தில் நிற்க விடவில்லை. எலும்புக்கு ஒரு டாக்டர், கண்ணுக்கு ஒருவர், நெஞ்சுக்கு ஒருவர். இதயத்தில் ஒரு வால்வு தளர்ந்து கொஞ்சம் இரத்தம் பின்னால் கசிகிறது என்றார்கள். கடைசியாகப் பரம்பரை நோய் பார்க்கும் டாக்டரிடம் அனுப்பினார்கள். நரைத்த தலை, அமைதியான மனிதர். என்னையும் வரச் சொன்னார்.

வாசலிலேயே சிக்கல். எனக்குக் குடும்பப் பெயர் என்ற இடத்தில் என் வாப்பாவின் பெயர். றஹீமாவுக்கு அவளுடைய வாப்பாவின் பெயர். நசீருக்குப் பாஸ்போட்டில் யாரோ மாற்றிப் போட்டு வேறொரு பெயர். மேசையில் இருந்த பெண் மூன்றையும் பார்த்து, "உண்மையிலேயே நீங்கள் ஒரே குடும்பமா?" என்று நசீரிடம் கேட்டாளாம். அவன் காது சிவந்துபோய் நின்றான்.

உள்ளே தமிழில் மாற்றிச் சொல்ல யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். டாக்டர் கேட்டதை அவள் சரியாகத்தான் கேட்டாள்.

"அம்மா, நீங்களும் உங்கட கணவரும் கலியாணத்துக்கு முன்னமே இரத்த உறவோ எண்டு டொக்டர் கேக்கிறார்."

 என்ன கேள்வி இது? எங்கள் பகுதியில் இரத்தம் என்பது தாய் வழியால் வருவது. தாயின் குடிதான், அதாவது வம்சம்தான், பிள்ளையின் குடி. ஒரே குடிக்குள் கட்டினால் கூடப்பிறந்தவனைக் கட்டியது போல. பள்ளிவாசலில் நிக்காஹ் எழுத வரும்போது குடியைக் கேட்டுத்தான் மேலே போவார்கள். என்னைப் பார்த்து இப்படி ஒரு கேள்வியா?

"இல்ல புள்ள. நான் வேற குடி, அவர் வேற குடி. அப்படியெல்லாம் நாங்க கட்டுறல்ல" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு டாக்டருக்குத் தலை நிமிர்ந்து பதில் சொன்னேன்.

அவள் அதை "இல்லை" என்று சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டார். பக்கத்தில் நசீர் இருந்தான். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

4

என்ன நோய் என்று அந்த டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. அவர் நேர்மையானவர், தெரியாததைத் தெரியாது என்றார். ஆனால் ஒரு சந்தேகம் இருக்கிறது என்றார். தகரக் கூரை துருப்பிடிக்காமல் இருக்கப் பூசுவார்களே, துத்தநாகம், அது நம் உடம்பிலும் கொஞ்சம் இருக்கிறதாம். எலும்பு கட்டவும், தோலுக்கும் இதயத்துக்கும் உறுதி கொடுக்கும் நாரைப் பின்னவும் அது வேண்டுமாம்.

"அப்ப அதுக்குக் குளிசை மருந்து தாங்களன்" என்றேன்.

"குளிசை வேண்டாமாம் அம்மா. மகளின்ர இரத்தத்தில துத்தநாகம் போதுமான அளவு இருக்குதாம். இரத்தத்தில இருக்கிறது போக வேண்டிய இடத்துக்குப் போகேல்லப் போல எண்டுறார். உடம்பிலுள்ள ஒவ்வொரு உயிரணுவிலயும் அதை உள்ளுக்கும் வெளியிலயும் கொண்டு போற வாசல் இருக்காம். அந்த வாசலைச் செய்யிறதுக்கு மரபணுவில எழுத்து மாதிரி ஒண்டு இருக்குதாம். இப்பதான் ஒண்டொண்டாக் கண்டுபிடிச்சு வாறாங்களாம். மகளுக்கு அதில ஒண்டு பிழைச்சிருக்கலாம். சோதிச்சுப் பார்க்க இன்னும் வழி வரேல்லையாம்."

எனக்கு அது விளங்கியது. குளத்தில் தண்ணீர் நிறைய இருக்கிறது, வாய்க்காலிலும் ஓடுகிறது, எங்கள் வயலுக்கு மட்டும் மடை திறக்கவில்லை. பயிர் காய்ந்தது மழையில்லாமல் அல்ல. இத்தனை வருடமும் நான் ஊட்டிய நண்டும் பாலும் வாய்க்காலிலேயே ஓடிப்போனது. நான் பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்கவில்லை என்று பேசிய வாய்களை அந்த நேரம் நினைத்தேன். ஒரு பாரம் இறங்கியது.

ஆனால் அதற்குப் பிறகு சொன்னதுதான் எங்களைச் சாய்த்தது. தாயும் தகப்பனும் உறவில்லை. முன்னோர் யாருக்கும் இந்த வருத்தம் இல்லை. அப்படியானால் இந்தப் பிழை றஹீமாவில்தான் புதிதாகத் தொடங்கியிருக்க வேண்டும். அவளில் தொடங்கியது என்றால், அவள் பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வரும்.

அப்போது றஹீமாவுக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். இர்ஷாத், பொத்துவில் பொடியன், பஸ் பணிமனையில் மெக்கானிக். எங்கள் சொந்தத்தில் ஒரு கிளையிலும் சேராதவன். அவளுடைய உயரத்தைப் பார்த்து, "எனக்குத் தேவை உச்சித் தட்டுக் கோப்பைய எட்டி எடுக்கிற ஆளில்ல, கதைச்சுச் சிரிக்கிற ஆள்" என்று சொன்னவன். இதயத்தைப் பற்றியும் சொல்லித்தான் இருந்தோம்.

றஹீமா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவனுடைய கூடப்பிறந்த ராத்தாவுக்கு அழைத்து, "வேணாம் எண்டு சொல்லிடுங்க" என்று வைத்துவிட்டாள். பிறகு தையல் மெஷினில் இருந்து ஒரு திரைச்சீலையைத் தைத்து முடித்தாள். அவள் அழுதிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

இது ஊருக்குப் போனது. என் மூத்த சகோதரர், காக்கா, கல்முனையில் தொலைபேசிக் கடைக்கு வந்து பேசினார். நல்ல மனிதர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. "வருத்தக்காரப் புள்ளய வெளியில ஆரு எடுப்பாங்க தங்கச்சி? நம்மட புள்ளய நாமதான் பார்க்கணும். என்ட மகன் கட்டுவான்" என்றார். நானும் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி, சரி என்றுதான் நினைத்தேன்.

5

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவிக்கொண்டிருந்தேன். றஹீமா பக்கத்தில் வெங்காயம் உரித்தபடி, யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்.

"நீங்களும் வாப்பாவும் அந்நியம். அதால என்னத் தொட்டுத்தான் இது தொடங்கியிருக்காம். நான்தான் முதல் ஆள்."

"ஆருடி அந்நியம்?" என்றேன். "உன்ட வாப்பா எனக்கு மாமி மகன். என்ட வாப்பாட சொந்தத் தங்கச்சிட மகன். அந்நியமாம்."

வெங்காயத்தை வைத்துவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். "உம்மா, டாக்டர் கேட்டதுக்கு இல்ல எண்டுதானே சொன்னீங்க?"

"குடியைக் கேட்டார். வேற குடி எண்டேன்."

"அவர் குடியைக் கேக்கல்ல. அவருக்குக் குடி எண்டா என்னெண்டே தெரியா. ஒரே மூத்தாப்பாட பேரப்பிள்ளைகளா எண்டு கேட்டார்."

ஒரே மூத்தாப்பா. ஓம். என் வாப்பாவின் வாப்பா, அவருக்கு உம்மாவின் வாப்பா. நாங்கள் இருவரும் அவர் மடியில் ஒன்றாக இருந்து வளர்ந்தவர்கள். அது எனக்குத் தெரியாததா? ஆனால் எங்கள் கணக்கில் அது வேறு குடி. அதுதான் முறையான சம்பந்தம். அதுதான் நல்ல கலியாணம்.

அன்றைக்கே நசீரை வரச் சொன்னேன். அவன் வந்து கதிரையில் இருக்குமுன்பே கேட்டேன்.

"உனக்குத் தெரியும்தானே? ஏன் வாயைத் திறக்கல்ல?"

"என்னத்தச் சொல்றது உம்மா? மச்சான் மச்சி கட்டுறவங்க எண்டா இவங்க எங்கள எப்படிப் பார்க்கிறாங்க தெரியுமா? பேப்பரில எல்லாம் எழுதுறாங்க. ஏற்கனவே அந்த மேசைக்காரி கேட்ட கேள்வி போதும்."

"உன்ட மானத்துக்காகத் தங்கச்சிட வாழ்க்கையைப் பூட்டி வச்சாய்."

"எனக்குத் தெரியுமா அதுதான் பெரிய விசயமெண்டு? எனக்கும் பொம்புளப் பிள்ளைகள் இரிக்கிது உம்மா. பரம்பரை வருத்தம் எண்டு வெளிய போனா நாளைக்கு அவங்கள ஆரு கேப்பாங்க?"

அவன் கண் கலங்கினான். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் விடவில்லை. "டாக்டரிட்ட நாள் எடு. நான் கதைக்கப் போறேன்" என்றேன்.

6

அந்த அறையில் இந்தத் தடவை டாக்டர் வேலை படிப்பதற்கு வந்த இளம் பெண் ஒருத்தியும் இருந்தாள். மொழிபெயர்க்க அதே யாழ்ப்பாணத்துப் பிள்ளை. நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, அவள் கேட்பதற்கு முன்பே தொடங்கினேன்.

"புள்ள, நான் சொல்றதை அப்படியே சொல்லுங்க. என்ட மாப்பிள்ளை எனக்கு மாமி மகன். எங்க ரெண்டு பேருக்கும் மூத்தாப்பா ஒருத்தர்தான். அண்டைக்கு நான் இல்லை எண்டது எங்கட ஊர்க் கணக்கில. உங்கட கணக்கில ஓம்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். குடி என்றால் என்ன என்று கேட்டார். தாய் வழியை, யார் யாரைக் கட்டலாம், யாரைக் கட்டக்கூடாது என்பதைச் சொன்னேன். அவர் ஒரு தாளில் வட்டமும் சதுரமுமாக வரைந்தார். வரைய வரைய அவருடைய முகம் மாறியது.

அந்தப் படிக்க வந்த பெண் மெல்ல ஏதோ சொன்னாள். மொழிபெயர்க்கும் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்ன சொன்னா?" என்றேன்.

"அது... விடுங்கோ அம்மா."

"சொல்லுங்க."

"உங்கட ஆக்கள் இந்தப் பழக்கத்தை விட்டாத்தான் இப்பிடிப் பிள்ளையள் பிறக்கமாட்டினம் எண்டு."

 அந்த இளம் பெண்ணை நேராகப் பார்த்தேன். "அவட்டச் சொல்லுங்க. 'இப்படிப் பிள்ளை' எண்டு அவ சொல்றது என்ட மகளை. என்ட மகள் இஞ்சதான் இரிக்கா, காது கேக்கும். நான் மாமி மகனைத்தான் கட்டினேன். அவர் என்ட கையைப் பிடிச்ச நாள் தொட்டு மவுத்தாகுமட்டும் ஒரு சுடுசொல் சொன்னதில்ல. அதுக்கு நான் வெட்கப்பட மாட்டேன். அந்தக் கலியாணத்தில இந்த வருத்தம் வந்தது எண்டா அதையும் மறைக்க மாட்டேன். ரெண்டையும் ஒண்டாச் சொல்றேன், ரெண்டும் உண்மை."

அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் சொன்னாள். குரல் கொஞ்சம் உயர்ந்தே இருந்தது. அவளுக்கும் எங்கேயோ பட்டிருக்கிறது. டாக்டர் அந்த இளம் பெண்ணிடம் திரும்பி ஏதோ சொன்னார். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நானும் தலையசைத்தேன்.

பிறகு டாக்டர் றஹீமாவைப் பார்த்துப் பேசினார். கணக்கு முழுக்க மாறுகிறது என்றார். ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று எல்லாருக்கும் இரண்டிரண்டாக இருக்குமாம். பிழைத்த மரபணு ஒன்று மூத்தாப்பாவிடமோ மூத்தும்மாவிடமோ இருந்து, எனக்கு ஒன்று, என் மாப்பிள்ளைக்கு ஒன்று வந்திருக்கலாம். ஒன்று மட்டும் இருந்தால் வருத்தம் இல்லை. மற்ற நல்லது வேலையைப் பார்த்துக்கொள்ளும். இரண்டும் பிழைத்தது றஹீமாவுக்குத்தான் கிடைத்திருக்கிறது. அவள் பிள்ளைகளுக்கு ஒன்று கட்டாயம் போகும். மற்றது தகப்பனைப் பொறுத்தது. சொந்தத்துக்குள் கட்டினால் அந்தத் தகப்பனிடமும் அதே பிழை இருக்கக்கூடும். வெளியில் கட்டினால், மிக மிக அரிது.

"முடிவான சோதனை இல்லாமல் சத்தியம் பண்ண முடியாதாம்" என்று அந்தப் பிள்ளை சொன்னாள். "ஆனால் பாதிக்குப் பாதி எண்டு சொன்னதைத் திருப்பி எடுக்கிறாராம். பிள்ளை சுமக்கிறதெண்டால் இதய டொக்டரை முதலே கேக்க வேணுமாம். அது லேசு இல்லையாம். ஆனா ஏலாது எண்டு சொல்லமாட்டாராம்."

றஹீமா என்னிடம் திரும்பவில்லை. சன்னலைப் பார்த்துக்கொண்டு, "இர்ஷாத்துக்கு நான்தான் சொல்லணும். நீங்க ஒருத்தரும் சொல்லாதீங்க" என்றாள்.

7

காக்காவிடம் நான் சொன்னேன். தொலைபேசியில்தான். மூத்த சகோதரன் முன்னால் குரல் உயர்த்தாதவள் நான், அன்றும் உயர்த்தவில்லை.

"காக்கா, உங்கட மகனுக்கு றஹீமா இல்ல. அவனில குறையில்ல. எங்கட இரத்தம் அவனிலயும் ஓடுது, அதுதான்."

"நான் இரங்கிக் கேட்டேன் சபியா. ஊரில என்ட முகத்தை எங்க வைக்கிற?"

"உங்கட முகத்துக்கு ஒண்டும் இல்ல காக்கா. தங்கச்சி மறுத்திட்டா எண்டு சொல்லுங்க. ஏன் எண்டு கேட்டா அதையும் சொல்லுங்க. நம்மட சொந்தத்தில இன்னும் ஆருக்கும் கைவிரல்ல அளவுக்கு மிஞ்சின வளைவும் எலும்பில பெலவீனமும் இருந்தா டாக்டரிட்டக் காட்டட்டும். கேட்டா மாமா மகன், மாமி மகள் எல்லாத்தையும் சொல்லட்டும். வேற குடி எண்டு நான் சொன்னது போலச் சொல்ல வேணாம்."

அவர் வைத்துவிட்டார். இன்றுவரை என்னோடு கதைக்கவில்லை. என் காக்கா அவர். இது எனக்கு வலிக்கிறது. ஆனாலும் அந்த வார்த்தையை நான் திருப்பி எடுக்கமாட்டேன்.

றஹீமா எல்லாவற்றையும் சொல்லி, இர்ஷாத்தும் சம்மதித்துவிட்டான். மிச்சமிருந்தது நசீர். வாப்பா இல்லாத பெண்ணுக்கு நிக்காஹ் செய்துகொடுக்க வலிகாரராக நிற்க வேண்டியவன் அண்ணன். "மாமா கோவத்தில இரிக்கார், கொஞ்சம் பொறுங்க" என்று தள்ளிக்கொண்டே போனான்.

"மகன், நீ பொறுத்தா றஹீமாவும் இர்ஷாத்தும் பொறுப்பாங்க. நான் பொறுக்க மாட்டேன். நீ நிக்கல்ல எண்டா ஏன் நிக்கல்ல எண்டு பள்ளிவாசல் ஹஸரத்துக்கு நானே போய்ச் சொல்வேன். இப்ப எனக்குக் கதைக்கப் பழகிட்டு."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்களுக்கு உண்மையிலேயே நாக்கு நீண்டிட்டு உம்மா" என்றான்.

நிக்காஹ் போன மாதம் முடிந்தது. மண்டபத்தின் நடுவில் திரை. அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் நாங்கள். நசீர் தன் தங்கச்சியை இர்ஷாத்துக்குத் தந்தேன் என்று சொன்னது எல்லாருக்கும் கேட்டது. பிறகு சாப்பாட்டுத் தட்டுகள் வந்தன. அப்போது ஊர்க்காரர் ஒருவரின் குரல், மெதுவாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு:

"நசீர், பொண்ணுக்கு ஏதோ வருத்தம் எண்டாங்க. மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

திரைக்கு இந்தப் பக்கம் பெண்களின் கைகள் தட்டுகளில் நின்றன. றஹீமா தலை குனியவில்லை. 

"ஓம் காக்கா, தெரியும்" என்றான் நசீர். "எலும்பும் இதயமும் பெலமில்ல. எங்கட உம்மாவும் வாப்பாவும் மச்சான் மச்சி, அதால வந்திருக்கு எண்டு டாக்டர் சொல்றார். மாப்பிள்ளை எல்லாம் கேட்டுத்தான் கட்டினவர். இஞ்சால தட்டை நீட்டுங்க, இறைச்சி வைக்கிறேன்."

அவன் குரலைத் தாழ்த்தவில்லை. மண்டபம் முழுக்கக் கேட்டது.